மௌனம் சம்மதம் அல்ல!

"மௌனம் சம்மதத்திற்கு அறிகுறி" என்று ஒரு பழமொழி உண்டு. பெண் பார்க்கும் வீட்டில் இந்தப் பழமொழி எத்தனை பெண்களின் வாழ்வைப் பாழாக்கியது என்று நம் தாய்மார்களைக் கேட்டால் சொல்வார்கள். ஆலையிலும் வயலிலும் இது அதைவிடப் பெரிய பொய். வாய் திறக்காத தொழிலாளி ஒப்புக்கொண்டுவிட்டான் என்று முதலாளி நினைத்தால் அது அவன் மடமை. தொழிலாளியின் பெயரால் ஆட்சி நடத்தும் கட்சியே அப்படி நினைத்தால்? அது மடமை மட்டுமல்ல; தற்கொலை!

போலந்தில் அதுதான் நடந்தது. இரண்டாம் உலக யுத்தம் முடியும் தறுவாயில் அங்கே மக்கள் ஆட்சி என்ற பெயரில் அமைந்த சர்க்கார், 1989-ல் சரிந்தது. அந்தக் கதையை நாம் பேசியே ஆக வேண்டும். நாம் பேசாவிட்டால் முதலாளித்துவப் பத்திரிகைகள் பேசுகின்றன. "பார்த்தாயா, கம்யூனிஸத்தைத் தொழிலாளியே விரட்டினான்!" என்று அவை கொட்டமடிக்கின்றன. நம்மவர்களிலும் சிலர், "எல்லாம் ஏகாதிபத்தியச் சதி" என்று ஒரே வரியில் கணக்கை முடித்துவிடுகிறார்கள்.

இரண்டும் பொய் என்கிறோம் நாம். இரு சாராரும் செய்வது ஒன்றுதான்: அந்தத் தொழிலாளி என்ன சொன்னான் என்று காது கொடுத்துக் கேட்க மறுக்கிறார்கள்.

நிலம் கொடுத்த கை

முதலில் கிராமத்தைப் பார்ப்போம். 1944 செப்டம்பரில் போலந்தில் நிலச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. பெரிய பண்ணைகள் உடைக்கப்பட்டன. தலைமுறை தலைமுறையாகப் பிரபுவின் நிலத்தில் பாடுபட்டவன் கையில் சொந்த நிலம் வந்தது. அது எப்பேர்ப்பட்ட சாதனை என்று நம் விவசாயத் தொழிலாளிக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

நான்கே ஆண்டுகளில், 1948-க்குப் பிறகு, அதே சர்க்கார் "கூட்டுப் பண்ணையில் சேர்" என்று கழுத்தைப் பிடித்தது. கட்டாயக் கொள்முதல் வந்தது. இவ்வளவு தானியம், இவ்வளவு இறைச்சி, சர்க்கார் சொல்லும் விலைக்குக் கொடுத்தே தீர வேண்டும், கொடுக்காதவனுக்குத் தண்டனை.

விவசாயி என்ன செய்தான்? துப்பாக்கி எடுக்கவில்லை. ஊர்வலம் போகவில்லை. வற்புறுத்திய இடத்தில் கையெழுத்துப் போட்டான். ஆனால் கூட்டு நிலத்தில் மனம் வைத்து உழவில்லை. தன் வீட்டுக் கொல்லையை மட்டும் கண்ணும் கருத்துமாகக் கவனித்தான். தானியத்தை மறைத்தான். அதிகாரிகளோ கூட்டுப் பண்ணைகளின் எண்ணிக்கையை எழுதி மேலிடத்துக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். காகிதத்தில் சோஷலிஸம் வளர்ந்தது!

1956 அக்டோபரில் கொமுல்கா கட்சித் தலைமைக்கு வந்தார். விருப்பமில்லாதவர்கள் விலகலாம் என்ற நிலை பிறந்தது. சில மாதங்களில், சுமார் 10,000 கூட்டுப் பண்ணைகளில் பெரும்பாலானவை கலைந்து போயின. ஒரு கல் வீச்சு இல்லை, ஒரு கோஷம் இல்லை. எட்டு வருஷ மௌனத்தின் அர்த்தம் அப்போதுதான் மேலிடத்துக்குப் புரிந்தது.

கூட்டுப் பண்ணையே தவறு என்று நாம் சொல்லவில்லை. சிறு விவசாயியைப் பலாத்காரமாக இழுக்கக் கூடாது, உதாரணத்தாலும் உதவியாலும்தான் அழைத்து வர வேண்டும் என்று எங்கெல்ஸ் 1894-லேயே எழுதிவிட்டார். எங்கெல்ஸ் படத்தைச் சுவரில் மாட்டிவிட்டு, அவர் சொன்னதைக் குப்பையில் போட்டது யார்?

போஸ்னான் கேட்ட கேள்வி

இனி ஆலைக்கு வருவோம். போஸ்னான் நகரில் ஒரு பெரிய இயந்திரத் தொழிற்சாலை. அப்போது அதற்கு ஸ்டாலின் பெயர். வேலை அளவை ஏற்றினார்கள். கூலியிலிருந்து வரியைக் கூடுதலாகப் பிடித்தார்கள். தொழிலாளர்கள் மாதக்கணக்கில் மனுக் கொடுத்தார்கள். தலைநகர் வார்சாவுக்குத் தூது போனார்கள். கிடைத்த வாக்குறுதிகளில் சில உடனேயே பின்வாங்கப்பட்டன. 1956 ஜூன் 28 காலை, அவர்கள் வேலையை நிறுத்தித் தெருவில் இறங்கினார்கள். "ரொட்டி வேண்டும்" என்றார்கள். நகரமே திரண்டது. டாங்கிகள் வந்தன. 50-க்கு மேற்பட்டோர் மாண்டார்கள். மாண்டவர்களில் 13 வயதுச் சிறுவன் ஒருவனும் உண்டு.

மக்கள் ஆட்சிக்கு எதிராக ஓங்கும் கை வெட்டப்படும் என்று பிரதம மந்திரி சிரான்கியேவிச் வானொலியில் எச்சரித்தார். யாருடைய கை? அந்த ஆட்சிக்குச் சோறு போட்ட கை!

நாலு மாதம் கழித்து, கட்சியின் மத்தியக் கமிட்டியில் கொமுல்கா என்ன சொன்னார்? போஸ்னான் தொழிலாளர்கள் சோஷலிஸத்தை எதிர்க்கவில்லை, சோஷலிஸத்தில் புகுந்துவிட்ட கேடுகளைத்தான் எதிர்த்தார்கள் என்றார். இது நம் வார்த்தை அல்ல; ஆளும் கம்யூனிஸ்ட் கட்சியின் தலைவர் ஒப்புக்கொண்டது. "எல்லாம் சதி" என்று இன்றும் சொல்பவர்கள் கொமுல்காவுக்கு முதலில் பதில் சொல்லட்டும்.

ஆனால் நாற்காலி எப்பேர்ப்பட்டவரையும் செவிடாக்கிவிடும். 1970 டிசம்பரில், கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு இரண்டு வாரம் கூட இல்லாத நேரத்தில், அதே கொமுல்காவின் சர்க்கார் இறைச்சி, மாவு முதலிய உணவுப் பொருள்களின் விலையை ஏற்றியது. தொலைக்காட்சிப் பெட்டி போன்ற சாமான்களின் விலையைக் குறைத்தது! கடான்ஸ்க், கிடினியா, ஸ்செசின் துறைமுக நகரங்களில் கப்பல் கட்டும் தொழிலாளர்கள் கிளம்பினார்கள். டிசம்பர் 17 காலை, கிடினியாவில் ரயிலிலிருந்து இறங்கி வேலைக்குப் போனவர்கள் மீது பட்டாளம் சுட்டது. வேலைக்குத் திரும்புங்கள் என்று துணைப் பிரதமர் முதல்நாள் இரவுதான் அழைத்திருந்தார்! அந்த டிசம்பரில் 40-க்கு மேற்பட்டோர் மாண்டார்கள். கொமுல்கா வீழ்ந்தார். கியரெக் வந்தார். விலை மட்டும் இறங்கவில்லை.

தறியை நிறுத்திய பெண்கள்

இங்கேதான், ஆலைத் தோழர்களே, நீங்கள் கவனிக்க வேண்டிய கட்டம் வருகிறது.

லோட்ஸ் என்பது போலந்தின் பஞ்சாலை நகரம். 1905-ல் ஜார் மன்னனுக்கு எதிராகத் தெருவில் தடுப்பு அரண் கட்டிப் போரிட்ட தொழிலாளர்களின் ஊர். அங்கே போஸ்னான்ஸ்கி என்ற முதலாளி கட்டிய மாபெரும் பஞ்சாலை ஒன்று இருந்தது. யுத்தத்துக்குப் பின் சர்க்கார் அதை எடுத்துக்கொண்டது. ரோசா லக்ஸம்பர்க்கின் தோழர் மார்ச்லெவ்ஸ்கியின் பெயரை அதற்குச் சூட்டியது. பெயர்ப்பலகை மாறியது. உள்ளே என்ன மாறியது?

அங்கே வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மூன்று ஷிப்டு. பழைய இயந்திரங்கள். காதை அடைக்கும் இரைச்சல், புழுக்கம், பஞ்சுத் தூசி. சுரங்கத்திலும் கப்பல் துறையிலும் கிடைத்த கூலி இவர்களுக்கு இல்லை. ஷிப்டு முடிந்தால் வீட்டுக்குப் போக முடியுமா? இறைச்சிக் கடை வரிசையில் நிற்க வேண்டும். அதன் பிறகு அடுப்பு, பிள்ளை, துணி துவைப்பு. விலை ஏறியபோது முதல் அடி இவர்கள் அடுப்பில்தான் விழுந்தது.

1971 பிப்ரவரி 10 அன்று மார்ச்லெவ்ஸ்கி ஆலையில் தறிகள் நின்றன. அடுத்தடுத்து மற்ற ஆலைகளும் நின்றன. சில நாட்களில் 50,000-க்கு மேற்பட்டோர் வேலையை நிறுத்திவிட்டார்கள். அவர்கள் தெருவில் இறங்கவில்லை. துறைமுகத்தில் ஓடிய ரத்தம் இரண்டு மாதம் கூடக் காயவில்லை அல்லவா? நின்ற இயந்திரத்தின் பக்கத்திலேயே அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். சுடுவதற்கு எதிரே கூட்டம் இல்லை; உடைப்பதற்கு ஊர்வலம் இல்லை. என்ன செய்வார்கள் அதிகாரிகள்?

பிரதம மந்திரி யாரோசெவிச்சே பிப்ரவரி 14 அன்று ஓடி வந்தார். ஆலைப் பிரதிநிதிகளைச் சந்தித்தார். கஜானா நிலைமையை விளக்கினார். பெண்களோ தங்கள் அடுப்பின் நிலைமையை விளக்கினார்கள்! மறுநாள் சர்க்கார் பணிந்தது. மார்ச் 1 முதல் பழைய விலையே என்று அறிவிப்பு வந்தது. துறைமுகத் தோழர்கள் உயிரைக் கொடுத்தும் இறங்காத விலையை, ஒரு தோட்டா வெடிக்காமல், தறியை நிறுத்திய பெண்கள் இறக்கிக் காட்டினார்கள்!

இவர்களா சோஷலிஸத்தின் விரோதிகள்? இவர்களா அமெரிக்காவின் கைக்கூலிகள்? சொல்பவர்களின் நாக்கு கூச வேண்டாமா?

இருபத்தொரு கோரிக்கைகள்

அந்தப் பாடத்தையும் மேலிடம் படிக்கவில்லை. 1976 ஜூனில் மறுபடி விலையேற்றம். ராடோம், உர்சுஸ் ஊர்களில் வேலை நிறுத்தம். ஒரே நாளில் விலையேற்றம் வாபஸ். ஆனால் போராடியவர்கள் அடிபட்டார்கள், வேலை இழந்தார்கள். 1980 ஆகஸ்டில் கடான்ஸ்க் லெனின் கப்பல் தளத்தில் அன்னா வாலென்டினோவிச் என்ற கிரேன் தொழிலாளியை வேலை நீக்கம் செய்தார்கள். உழைப்புக்காகப் பதக்கம் பெற்றவர் அவர். ஓய்வு பெற ஐந்தே மாதம் இருந்தது. ஆகஸ்ட் 14-ல் தளமே நின்றது.

அங்கே எழுந்த 21 கோரிக்கைகளைப் படித்துப் பாருங்கள். சுதந்திரமான சங்கம் வேண்டும். வேலை நிறுத்த உரிமை வேண்டும். பிள்ளைக் காப்பகங்களில் இடம் வேண்டும். சம்பளத்தோடு மூன்று வருஷப் பேறுகால விடுப்பு வேண்டும். வீட்டுக்குக் காத்திருக்கும் காலம் குறைய வேண்டும். சனிக்கிழமை லீவு வேண்டும். ஆலையை முதலாளியிடம் திருப்பிக் கொடு என்று ஒரு கோரிக்கை உண்டா? ஒன்று கூட இல்லை! சுமார் ஒரு கோடிப் பேர் "ஒற்றுமை" என்ற அந்தச் சங்கத்தில் சேர்ந்தார்கள். அவர்களில் லட்சக்கணக்கானவர்கள் கட்சி உறுப்பினர்கள்.

1981 டிசம்பர் 13 அன்று ஜெனரல் யாருசெல்ஸ்கி ராணுவச் சட்டம் போட்டார். மூன்று நாள் கழித்து வூயெக் நிலக்கரிச் சுரங்கத்தில் ஒன்பது தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நாடு மறுபடி மௌனமானது. அது என்ன மௌனம் என்று கேளுங்கள். ஸ்விட்னிக் என்ற சிற்றூரில் 1982 பிப்ரவரியில், மாலை தொலைக்காட்சிச் செய்தி தொடங்கியதும் ஊரே வீட்டை விட்டு வெளியே வந்து தெருவில் உலாவியது. "உன் பொய்யைக் கேட்க நாங்கள் வீட்டில் இல்லை" என்று அர்த்தம். சிலர் பெட்டியின் முகத்தை ஜன்னல் பக்கம், தெருவைப் பார்த்துத் திருப்பி வைத்தார்கள். சர்க்கார் ஊரடங்கு நேரத்தை முன்னே தள்ளியது. மக்கள் மாலை ஐந்து மணிச் செய்திக்கே உலாவக் கிளம்பினார்கள்! ரேடியோவுக்குள் இருக்கும் ரெஸிஸ்டர் என்ற சின்ன உருப்படியை வேறு பலர் சட்டையில் குத்திக்கொண்டார்கள். எதிர்ப்பு என்பதை நினைவூட்டும் பெயர் அதற்கு. நடப்பவனையும் உருப்படி குத்தியவனையும் எத்தனை பேரைச் சிறையில் போடுவது?

சதி என்போருக்கும், கொட்டமடிப்போருக்கும்

அந்நிய ரேடியோ கூவியது உண்மை. 1980-களில் அமெரிக்கப் பணம் ரகசியமாக வந்ததும் உண்மை. நாம் மறைக்கவில்லை. ஆனால் 1956-ல் கூலியில் கூடுதல் வரி பிடித்தது அமெரிக்காவா? 1970-ல் ரயில் நிலையத்தில் சுட உத்தரவிட்டது அமெரிக்காவா? விரோதி எப்போதும் விரிசலைத் தேடிக்கொண்டுதான் இருப்பான். சுவரில் விரிசல் விட்டது யார் என்பதே கேள்வி.

கொட்டமடிக்கும் முதலாளித்துவப் பத்திரிகைகளே, உங்களையும் கேட்கிறோம். உங்கள் ஆட்சி வந்த பிறகு அந்தத் தொழிலாளிக்கு என்ன கிடைத்தது? 1996-ல் கடான்ஸ்க் கப்பல் தளம் திவால் என்று அறிவிக்கப்பட்டது. லோட்ஸ் நகரின் பஞ்சாலைகள் 1990-களில் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. 2003 வாக்கில் போலந்தில் வேலை தேடியவர்களில் ஐந்தில் ஒருவருக்கு வேலை இல்லை. அந்த மார்ச்லெவ்ஸ்கி ஆலை? 2006 முதல் அது ஒரு பெரிய கடைவீதி வளாகம்! பெண்கள் தறியை நிறுத்திய இடத்தில் இன்று துணிமணி விற்கிறார்கள். 21 கோரிக்கைகளில் இதையா கேட்டார்கள்?

ஆக, அந்தத் தொழிலாளி இரண்டு முறை ஏமாற்றப்பட்டான். முதலில் அவன் பெயரைச் சொல்லி ஆண்டவர்கள் ஏமாற்றினார்கள். பிறகு அவன் கோபத்தைச் சொல்லி வந்தவர்கள் ஏமாற்றினார்கள். ஆனால் முதல் துரோகம்தான் இரண்டாவதற்குக் கதவைத் திறந்துவிட்டது. அதை ஒப்புக்கொள்ளும் நெஞ்சுரம் கம்யூனிஸ்டுக்கு வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறோம்? போலந்துக்காக மட்டுமல்ல. நம் சங்கக் கூட்டங்களை நினைத்துப் பாருங்கள். மேடையில் நாம் பேசுகிறோம். எதிரே சிலர் கை தட்டுகிறார்கள். பின் வரிசையில் ஒருவர் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறார். சந்தாவை மாதம் தவறாமல் கட்டுகிறார். ஒரு வார்த்தை பேசுவதில்லை. ஒரு நாள் அவர் வருவதில்லை. "உணர்வு மங்கிவிட்டது" என்று நாம் குறிப்பேட்டில் எழுதிவிடுகிறோம். ஏன் வரவில்லை என்று அவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து கேட்டோமா? முழுநேர ஊழியர்களாகிய நாம் இந்தத் தப்பைப் பலமுறை செய்திருக்கிறோம். வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

சங்கம் தொழிலாளியுடையது. கட்சிக்கும் சர்க்காருக்கும் அது எடுபிடி ஆகக் கூடாது. அது செங்கொடி பறக்கும் சர்க்காராக இருந்தாலும் சரியே. வேலை நிறுத்த உரிமை முதலாளி ஆட்சியில் மட்டும் தேவைப்படும் ஆயுதம் அல்ல. ஆட்சியின் காது அடைக்கும்போதெல்லாம் அதைத் திறக்கும் சாவி அது. அந்தச் சாவியைப் பிடுங்கிக்கொண்ட ஆட்சி, தன் காதைத் தானே அறுத்துக்கொள்கிறது.

தோழர்களே! அடுத்த கூட்டத்தில் பேச்சைக் குறையுங்கள். பின் வரிசைத் தோழரை முன்னுக்கு அழையுங்கள். நடவு முடிந்து களைத்து வரும் தாயை, ராத்திரி ஷிப்டு முடித்து வரும் சகோதரியைக் கேளுங்கள். அவர்கள் நம்மைத் திட்டினாலும் கேளுங்கள். திட்டினால் இன்னும் நன்றாகக் கேளுங்கள்.

திட்டும் தொழிலாளி நம்மை இன்னும் நம்புகிறான். மௌனமாகிவிட்ட தொழிலாளி விடைபெறுகிறான்.