கள்வனைப் பிடிக்கத் தெருவை அடைப்பதா?

படைப்பாளனின் உழைப்பைக் களவாடுவது குற்றமே. பல்லாண்டு பாடுபட்டு உருவாக்கிய திரைப்படத்தை ஓரிரவில் படியெடுத்து உலகெங்கும் விற்றுப் பிழைப்பவன் கள்வனே. அவனுக்குப் பரிந்து பேசுவார் எவருமிலர். ஆயின், கள்வன் ஒருவன் குடியிருக்கின்றான் என்பதற்காகத் தெருவையே அடைத்து, அங்கு வாழும் நல்லோரையும் முடக்கிப்போடும் சட்டம் அறமாகுமா? 2012-ஆம் ஆண்டில் அமெரிக்க மக்கள் தம் ஆட்சியாளரை நோக்கி எழுப்பிய வினா இதுவே.

2011 மே திங்களில் அந்நாட்டு மேலவையில் பேட்ரிக்கு லேகி ஒரு சட்ட வரைவைக் கொணர்ந்தார். அக்தோபர் 26-இல் கீழவையில் இலாமர் சுமித்து மற்றொன்றைக் கொணர்ந்தார். திரைப்பட, இசைத்தொழிற் பெருமுதலாளிகள் இரண்டையும் தாங்கி நின்றனர். அயல்நாட்டுக் களவுத் தளங்களை ஒடுக்குவதே நோக்கம் என்றனர். நோக்கம் நன்றே, வழியோ கொடிது!

அரசு வழக்குமன்ற ஆணை ஒன்றைப் பெற்றுவிட்டால், இணைய இணைப்புத் தருவோர் அத்தளத்திற்குச் செல்லும் வழியை மறித்தல் வேண்டும். தேடுபொறிகள் அதன் சுட்டிகளை நீக்குதல் வேண்டும். கீழவையின் முதல் வரைவோ மேலும் ஒருபடி சென்றது. படைப்புரிமை கொண்டோர் எழுத்தில் குற்றஞ்சாட்டினால் போதும்; மறுப்பு வாராவிடின், 5 நாள்களுக்குள் பணம் பெற்றுத்தரும் நிறுவனங்களும் விளம்பர நிறுவனங்களும் அத்தளத்தோடு உறவை அறுத்தல் வேண்டும். வழக்குமன்றம் உசாவும் முன்னரே ஒறுப்பு! குற்றஞ்சாட்டுவோனே ஒறுப்போனும் ஆகின்றான். இதற்குச் சட்டமென்று பெயர்!

மக்கள் வாளாவிருக்கவில்லை. 2012 சனவரி 18 அன்று ஆங்கில விக்கிப்பீடியா 24 மணிநேரம் தன் பக்கங்களை இருளால் மூடிக்கொண்டது. அம்முடிவை எடுத்தவர் முதலாளி ஒருவரல்லர். கூலி பெறாது அறிவுத்தொண்டு ஆற்றுவோர் 1,800-க்கும் மேற்பட்டோர் கலந்துபேசி எடுத்த முடிவு அது. கூகுள் தன் பெயரைக் கரும்பட்டையால் மறைத்தது. விக்கிப்பீடியாவின் இருட்பக்கம் 16 கோடிக்கும் மேற்பட்ட முறை பார்க்கப்பட்டது. அதன்வழியே 80 இலக்கம் பேர் தத்தம் உறுப்பினரின் தொடர்பைத் தேடினர். ஒரு நாள் இருள், உறங்கிக் கிடந்தோர் கண்களையெல்லாம் திறந்துவிட்டது! சனவரி 20-இல் இரு வரைவுகளும் ஒத்திவைக்கப்பட்டன, மீண்டும் எழவில்லை.

இதற்கிடையே, சனவரி 19-இல், முன்னரே இருந்த சட்டங்களைக் கொண்டே 'மெகாஅப்லோடு' என்னும் தளத்தை அமெரிக்க அரசு முடக்கியது. கள்வனைப் பிடிக்கச் சட்டமில்லை என்ற கூக்குரல் பொய்யென்பதற்கு வேறு சான்று வேண்டுமா? அன்றியும், களவோடு தொடர்பே இல்லாமல் அத்தளத்தில் தம் கோப்புகளைச் சேமித்து வைத்திருந்தோரும் அவற்றை எடுக்க வழியின்றித் தவித்தனர். இருந்த சட்டமே தெருவை அடைக்க வல்லதாயின், வரவிருந்த சட்டம் ஊரையே அடைத்திராதா?

எதிர்த்து நின்ற இணையப் பெருநிறுவனங்களுக்குத் தந்நலம் இல்லாமலில்லை. முதலாளிக்கு எதிரே முதலாளி நின்ற போர் அது என்பாருமுளர். எனினும், வரைவுகளை வீழ்த்தியது பணப்பையன்று. தம் உறுப்பினரை நேருக்குநேர் வினவிய மக்கட் குரலே!

படைப்பாளனுக்குக் காப்பு வேண்டும், ஐயமில்லை. அக்காப்பு, இருபுறமும் கேட்டு, உசாவித் தெளிந்து, குற்றவாளியை மட்டும் ஒறுப்பதாக இருத்தல் வேண்டும். அறிவின் வாயிலுக்குப் பூட்டிடும் திறவுகோலைக் குற்றஞ்சாட்டுவோன் கையில் ஒப்படைக்க எந்நாட்டு மக்களும் இசையலாகாது. ஆள்வோர் அறிக, மக்கள் விழித்திருக்க!