வாடகைக்கு எடுத்த வெளிச்சம்

2022 ஜனவரி 23 அன்று டெல்லி இந்தியா கேட்டில் சுபாஷ் சந்திர போஸுக்கு ஒரு சிலை திறந்தார்கள். கல் இல்லை, வெண்கலம் இல்லை. வெறும் வெளிச்சம். 28 அடி உயரம், 6 அடி அகலம். 30,000 லூமென் திறனுள்ள ஒரு புரொஜெக்டர், ஊடுருவித் தெரிகிற திரை ஒன்றில் அந்த உருவத்தை வீசியது. பத்திரிகைகள் எல்லாம் 'ஹாலோகிராம் சிலை' என்று எழுதித் தள்ளின. அதே வருஷம் செப்டம்பரில் அந்த இடத்துக்குக் கருங்கல் சிலை வந்துவிட்டது.

அது ஹாலோகிராமே இல்லை, தோழர்களே. ஏதோ பிசிக்ஸ் வாத்தியார் திருத்துகிற விஷயம் என்று இதைத் தள்ளிவிட வேண்டாம். காசு எங்கே போகிறது, எங்கே போகவில்லை என்கிற கணக்கு இந்த வித்தியாசத்துக்குள்தான் இருக்கிறது.

ஹாலோகிராமை 1947இல் கண்டுபிடித்தவர் டென்னிஸ் கேபர். 1971இல் அதற்கு நோபல் பரிசு கொடுத்தார்கள். லேசர் வந்த பிறகு, 1960களில்தான் அது நடைமுறைக்கு வந்தது. ஒரு லேசர்க் கற்றையை இரண்டாகப் பிரிக்கிறார்கள். ஒன்று பொருளின் மேல் பட்டுத் திரும்பி வருகிறது. இன்னொன்று நேராகத் தகட்டுக்கு வருகிறது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் உண்டாகும் கோலம் தகட்டில் பதிகிறது. பிறகு அந்தத் தகட்டில் ஒளியைப் பாய்ச்சினால், பொருள் இருந்த இடத்திலேயே அதன் உரு எழுந்து நிற்கும். தலையைச் சாய்த்தால் பக்கம் தெரியும். எட்டிப் பார்த்தால் பின்னால் மறைந்திருப்பது தெரியும். பதிவு செய்யும்போது மேசை ஒரு தலைமுடியின் தடிப்பில் நூற்றில் ஒரு பங்கு அசைந்தாலும் படம் கெட்டுப்போகும். ஆக அதிராத மேசை வேணும், லேசர் வேணும், தகடு வேணும், இருட்டறை வேணும். எல்லாவற்றுக்கும் மேலே, தோற்றுத் தோற்றுச் செய்து பார்க்க நாலைந்து வருஷம் சோறு போடுகிற ஒரு ஏற்பாடு வேணும். அதற்குப் பேர்தான் ஆய்வு நிதி.

மேடையில் தலைவர்கள் தோன்றுகிற வித்தை வேறு. 1862இல் லண்டன் ராயல் பாலிடெக்னிக்கில் பெப்பர் என்பவர் கண்ணாடியைச் சாய்த்து வைத்து நாடகத்தில் பேய் காட்டினார். 'பெப்பரின் பேய்' என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. 2012 குஜராத் தேர்தலில் நரேந்திர மோடி ஒரே நேரத்தில் 53 இடங்களில் 'தோன்றினாரே', அது இந்தப் பேயின் பேரன். கண்ணாடி போய் மெல்லிய தாள் வந்தது, அவ்வளவுதான். 2014 நாடாளுமன்றத் தேர்தலிலும் அதே பேய் ஊர் ஊராகச் சுற்றியது. இதற்கு ஆராய்ச்சி எதுவும் வேண்டாம். கம்பெனிக்குப் பணம் கட்டினால் லாரியில் வந்து இறங்கும்.

இதில் கட்சி பேதம் கிடையாது. மெரினாவில் கருணாநிதி நினைவிடத்துக்கு 39 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். 2024 பிப்ரவரி 26 அன்று திறந்தார்கள். நிலத்துக்கு அடியில் 'கலைஞர் உலகம்' என்கிற டிஜிட்டல் அருங்காட்சியகம். பாபாசாகேபும் இதற்குத் தப்பவில்லை. டெல்லி அலிப்பூர் சாலையில் 2018 ஏப்ரலில் திறந்த அவருடைய நினைவகத்துக்குச் சுமார் 100 கோடி செலவு. அங்கேயும் பல்லூடகக் காட்சிகள்தான். ஜனங்கள் போய்ப் பார்க்கிறார்கள், அசந்துபோகிறார்கள். பார்க்கட்டும். என் கேள்வி வேறு. இந்தக் கோடிகளில் பத்துக் காசாவது இந்தக் கலையைக் கற்றுக்கொள்ளவும் சோதித்துப் பார்க்கவும் போக வேண்டாமா? நம் எழும்பூர் அரசு கவின்கலைக் கல்லூரி 1850இல் தொடங்கியது. இவ்வளவு வயதான ஒரு கல்லூரியை வாசலில் நிறுத்திவிட்டு, முடிந்த பொருளை ஒப்பந்தக்காரரிடம் வாங்குவதுதான் நம் அரசுகளின் கலைக் கொள்கை. பிம்பத்தை வாங்குவார்கள். பிம்பம் உண்டாக்கும் அறிவில் முதல் போட மாட்டார்கள்.

வெளியே எப்படி நடந்தது? மார்கரெட் பென்யன் என்கிற ஓவியர் 1968இல் ஹாலோகிராம் செய்யத் தொடங்கியபோது, இங்கிலாந்தின் நாட்டிங்காம் பல்கலைக்கழகம் அவருக்கு நுண்கலை ஆய்வு நல்கை கொடுத்து வைத்திருந்தது. விஞ்ஞானிகளின் லேசரை ஓவியர் கையில் எடுத்தார். ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் 1989இல் ஊடகக் கலைக்கென்றே இசட்கேஎம் என்கிற மையம் வந்தது. நகராட்சியும் மாநில அரசும் பணம் போட்டன. வெள்ளைக்காரன் எல்லாம் உத்தமன் என்று சொல்ல வரவில்லை. பொதுப் பணம் இப்படிப் போக முடியும் என்பதற்கு இவை சாட்சி.

இந்தியாவில் பணமே இல்லையா? இருக்கிறது. 2023இல் நாடாளுமன்றம் அனுசந்தான் தேசிய ஆய்வு அறக்கட்டளைச் சட்டத்தை நிறைவேற்றியபோது, ஐந்து வருஷத்துக்கு 50,000 கோடி ரூபாய் என்று கணக்குச் சொன்னார்கள். அனிமேஷன், கேமிங், மெய்நிகர்க் காட்சி ஆகியவற்றுக்காக மும்பையில் சுமார் 400 கோடியில் ஒரு நிறுவனத்தை 2025இல் தொடங்கினார்கள். ஐஐடி மெட்ராஸில் மெய்நிகர் தொழில்நுட்பத்துக்குத் தனி மையம் இருக்கிறது. நான் வேலை பார்க்கிற கேளம்பாக்கத்துக்கு அடுத்த ஊர் தையூர். அங்கே ஐஐடியின் இரண்டாவது வளாகம் வந்துவிட்டது. 422 மீட்டர் நீளத்துக்கு ஹைப்பர்லூப் சோதனைத் தடம் போட்டிருக்கிறார்கள், ரயில்வே அமைச்சகத்தின் காசில். உப்பளம் பார்த்த ஓஎம்ஆர் சாலையில் இப்போது நாட்டின் நாளைய வண்டிக்குச் சோதனை நடக்கிறது.

அந்தக் கதவுக்குள் யார் போகிறார்கள்? 2023 ஜனவரியில் 'நேச்சர்' இதழ் இந்திய அறிவியலில் சாதி பற்றி ஒரு கட்டுரை போட்டது. அரசின் இன்ஸ்பயர் ஆசிரிய நல்கையை 2016 முதல் 2020 வரை பெற்றவர்களில் 80 சதவீதம் பேர் ஆதிக்க சாதியார். பட்டியல் சாதியார் 6 சதவீதம். பழங்குடியினர் ஒரு சதவீதத்துக்கும் கீழே. எஸ்சி, எஸ்டி ஆய்வாளர்களுக்கென்று 60 லட்சம் வரை தருகிற திட்டம் ஒன்று வந்தது. நல்லதுதான். ஆனால் நிரந்தர வேலையில் இருக்கிற ஆய்வாளராக இருந்தால்தான் விண்ணப்பமே போட முடியும். உள்ளே விடாதவனிடம் உள்ளே இருப்பதற்கான சான்று கேட்கிறார்கள்.

கலைஞனுக்கு என்ன? மத்திய கலாச்சார அமைச்சகத்தின் இளநிலை நல்கை மாசம் 10,000 ரூபாய், இரண்டு வருஷத்துக்கு. அறிவியலில் இளநிலை ஆய்வாளருக்கு 2023 முதல் மாசம் 37,000 ரூபாய். தமிழ்நாட்டில் முழுநேரமாக முனைவர் பட்டம் படிக்கிற ஆதிதிராவிட மாணவருக்கு மாநில அரசு தருவது வருஷத்துக்கு ஒரு லட்சம். மாசத்துக்கு வகுத்தால் 8,333 ரூபாய். படூரில் ஒரு அறை வாடகையும் மெஸ் காசும் கொடுத்துவிட்டு இதில் லேசர் வாங்கச் சொல்லுங்கள் பார்ப்போம்.

சரி, நம் ஆட்கள் உள்ளே போனால் என்ன மாறிவிடும்? தொழில்நுட்பம் எல்லாருக்கும் பொது, அதற்குச் சாதி உண்டா என்று கேட்பவர்கள் உண்டு. ஊடாட்டக் கலை என்று இன்று சொல்கிறார்களே, பார்வையாளர் தொட்டால், அசைந்தால், பேசினால் மறுமொழி தருகிற கலை, அதன் அடிப்படைச் செயலே தொடுவது. தொடுதிரை, தொடு உணர்வுக் கையுறை, தொட்டால் விழிக்கிற சுவர். ஐஐடி மெட்ராஸில் தொடு உணர்வை அறிவியலாக ஆராய்கிற ஆய்வகம் இருக்கிறது. விரல் நுனியில் எத்தனை அழுத்தம் விழுந்தால் மூளைக்கு என்ன தெரியும் என்று அளக்கிறார்கள். அருமையான வேலை. ஆனால் தொட்டால் தீட்டு என்று இரண்டாயிரம் வருஷம் பாடம் நடத்திய சமூகம் இது. இரட்டைக் குவளை இன்னமும் ஒழிந்தபாடில்லை. தேநீர்க் கடையில் தனி டம்ளரைக் கையில் வாங்கியவளின் மகள் அந்த ஆய்வகத்தில் உட்கார்ந்தால், தொடுதலைப் பற்றி அவள் கேட்கிற முதல் கேள்வி வேறாக இருக்கும். யார் தொட்டால் இந்தச் சுவர் விழிக்கும், யார் தொட்டால் விழிக்காது என்று கேட்பாள். அப்படி ஒரு படைப்பு உலகத்தில் எங்கேயும் இல்லாத படைப்பாக இருக்கும். அதற்கான கேள்வி சேரியில் இருக்கிறது. கருவி தையூரில் இருக்கிறது. நடுவில் சுவர் இருக்கிறது.

நம் பக்கத்திலிருந்தே ஒரு எதிர்ப்பு வரும். "மலக்குழிக்குள் இறங்கிச் சாகிறான் நம்ம ஆளு. சுடுகாட்டுக்குப் பாதை இல்லை. இவன் ஹாலோகிராம் கேட்கிறானாம்." இந்தக் கோபம் நியாயமானது. அதனாலேயே இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் சட்டம் 2013இல் வந்தது. கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்ய ஐஐடி மெட்ராஸ் செய்த ஹோமோசெப் எந்திரம் 2022இல்தான் களத்துக்கு வந்தது. நிலவுக்கு எப்போதோ கலம் போய்விட்டது. குழிக்கு எந்திரம் வர ஏன் இத்தனை வருஷம்? எதை ஆராய வேண்டும் என்று முடிவு செய்கிற மேசையில் குழியின் வாசம் தெரிந்தவன் இல்லை. எந்திரம் தாமதமானதற்கும் நம் கையில் லேசர் இல்லாததற்கும் காரணம் அந்த ஒரே மேசைதான். ஒன்று முடியட்டும், மற்றது அப்புறம் என்று நாம் காத்திருந்தால், இரண்டையும் அவர்களே முடிவு செய்வார்கள்.

சினிமா வந்தபோது என்ன நடந்தது? மலையாளத்தின் முதல் கதாநாயகி பி.கே. ரோஸி, தலித் பெண். நாயர் பெண்ணாக நடித்துவிட்டாள் என்று அடித்து விரட்டினார்கள். அந்த 'விகதகுமாரன்' படத்தின் ஒரு பிரதிகூட இன்று இல்லை. கேமராவும் கொட்டகையும் பெட்டியும் யார் கையில் இருந்தனவோ, அவர்கள் நினைத்ததுதான் மிஞ்சியது.

இன்னொரு யோசனையும் காதில் விழுகிறது. அம்பேத்கர் சிலைகளை இரும்புக் கூண்டுக்குள் வைக்க வேண்டியிருக்கிறதே, ஒளியில் வைத்தால் யாராலும் உடைக்க முடியாதே என்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சிலையை உடைக்கக் கடப்பாரை வேணும். ஒளியை அணைக்க ஃப்யூஸைப் பிடுங்கினால் போதும். ஃப்யூஸ் யார் கையில் இருக்கிறது என்று பார்க்காமல் பிம்பத்துக்கு ஆசைப்படக் கூடாது.

பேங்க் கிளார்க் என்கிற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். கல்விக் கடனில் 4 லட்சம் வரை ஈடு கேட்பதில்லை. ஏழரை லட்சத்தைத் தாண்டினால் பொதுவாகச் சொத்து ஈடு வேணும். 2024 நவம்பரில் வந்த வித்யாலட்சுமி திட்டத்தில் ஈடு வேண்டாம். ஆனால் தரவரிசையில் மேலே இருக்கிற நிறுவனங்களில் இடம் கிடைத்தவருக்குத்தான் அது. அனிமேஷனும் மெய்நிகர்க் கலையும் சொல்லித்தருகிற தனியார் படிப்புக்கு லட்சம் லட்சமாகக் கேட்கிறார்கள். காலனியிலிருந்து வருகிற பிள்ளையிடம் பட்டா கேட்டால் எங்கே போவான்? இந்தச் செங்கல்பட்டு மண்ணில்தான் 1891இல் கலெக்டர் திரமென்கீர் நம் நிலையை அறிக்கையாக எழுதினார். 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. அந்த நிலத்தைத் திருப்பிக் கேட்ட போராட்டத்தில்தான் 1994 அக்டோபர் 10 அன்று ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் குண்டுக்கு உயிர் விட்டார்கள். பிடுங்கிய நிலம் வெறும் வயலாக மட்டும் இருந்திருக்காது. பேத்தியின் படிப்புக்கு ஈடாகவும் இருந்திருக்கும். ஆய்வு நிதி என்று நான் கேட்பது சலுகை கிடையாது. அந்தப் பழைய கடனில் ஒரு தவணை.

வெளிநாடு போய்ப் படிக்கலாமே என்பார்கள். 2025 ஜூலையில் தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகைக்கு 106 பேரைத் தேர்வு செய்துவிட்டு, முதலில் 40 பேருக்குத்தான் கடிதம் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு நிதி இருந்தால் பார்க்கலாம் என்றார்கள். பிம்பத்துக்கு இப்படி 'நிதி இருந்தால்' என்று சொல்லி யாராவது கேட்டிருக்கிறோமா?

ஆகவே நாம் கேட்க வேண்டியவை இவை. நினைவிடம், அருங்காட்சியகம், ஒளிக்காட்சி என்று அரசு எதற்குச் செலவு செய்தாலும், அதில் நூற்றுக்கு ஐந்து ரூபாய் அரசு கவின்கலைக் கல்லூரிகளின் ஆய்வுக்கூடத்துக்குப் போக வேண்டும். கலை ஆய்வு நல்கை அறிவியல் நல்கைக்குச் சமமாக வேண்டும். அனுசந்தான் சட்டத்திலேயே அறிவியலும் மானுடவியல் துறைகளும் சந்திக்கிற இடத்துக்கு வழி வைத்திருக்கிறார்கள். அந்த வழியில் பறை அடிக்கிறவரும் கூத்தாடுகிறவரும் பட்டம் இல்லாமலே ஆய்வாளராக நுழைய விதி வேண்டும். தமிழ்நாடு 2024இல் நிறைவேற்றிய ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டச் சட்டத்தின் கீழ் இதற்கென்று தனித் தலைப்பில் பணம் ஒதுக்க வேண்டும். பொதுக் கணக்கில் கரைக்கக் கூடாது. 2010இல் டெல்லியில் நம் சிறப்புக் கூறு நிதியைக் காமன்வெல்த் விளையாட்டுக்குத் திருப்பிவிட்டதை நாம் மறக்கவில்லை.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. உங்கள் பல்கலைக்கழகத்தில் சென்ற ஐந்து வருஷத்தில் எந்த ஆய்வுத் திட்டத்துக்கு எவ்வளவு வந்தது, அதில் நம்மவர் எத்தனை பேர் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பத்து ரூபாய்தான் கட்டணம். 2015இல் அம்பேத்கர் பெரியார் வாசகர் வட்டத்தின் அங்கீகாரத்தைப் பிடுங்கிய ஐஐடி மெட்ராஸ், நாடு முழுக்கக் கேள்வி எழுந்ததும் திருப்பிக் கொடுத்தது. கேட்டால்தான் அசைவார்கள். வருகிற பதில்களை இந்தப் பக்கங்களுக்கு அனுப்புங்கள். பெயர் பெயராக, தொகை தொகையாக அச்சில் போடுவோம்.