டிக் அடிக்கிறதுக்கு முன்னாடி மெஸ் ரெப்பைத் தெரிஞ்சுக்கோங்க

ஹாஸ்டல் மெஸ்ஸை அடுத்த கல்வியாண்டிலிருந்து கான்ட்ராக்ட்டுக்கு விடலாமா என்று கேட்டு ஒரு கூகுள் ஃபார்ம் வந்திருக்கிறது. ரெண்டே ஆப்ஷன். இப்போ இருக்கிற டிவைடிங் சிஸ்டமே தொடரணும், இல்லைன்னா கேட்டரிங் கம்பெனி வரணும். என் ஃப்ளோரில் பாதிப் பேர் பல் தேய்ச்சுக்கிட்டே ரெண்டாவதைத் தட்டிட்டாங்க. ஏன் என்று கேட்டா ஒரே பதில்தான்: "சாம்பார் தண்ணியா இருக்கு மச்சான்."

சாம்பார் தண்ணியாத்தான் இருக்கு. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்த சாம்பாருக்குப் பருப்பு வாங்கினது யார், எத்தனை கிலோ, என்ன விலை என்று கேட்டா நம்மில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. தெரிஞ்சவங்க ஆறு பேர். அந்த ஆறு பேரும் நம்ம கூடவேதான் படிக்கிறாங்க, பெரும்பாலும் முதல் பீரியடில் கடைசி பெஞ்சில் தூங்கிக்கிட்டு. போன செமஸ்டரில் இந்த இதழுக்காக அவங்க பின்னாடியே சுத்தினேன். அவங்களைத் தெரிஞ்சுக்கிட்ட பிறகு அந்த ரெண்டாவது ஆப்ஷனைத் தட்ட எனக்குக் கை வரலை. ஏன் என்று சொல்லத்தான் இது.

ஃபர்ஸ்ட் இயர் தம்பி தங்கைகளுக்காக முதலில் கணக்கு. டிவைடிங் என்பது நம்ம காலேஜ் கண்டுபிடிச்ச விஷயம் இல்லை. தமிழ்நாட்டில் பல அரசுக் கல்லூரி ஹாஸ்டல்களில் பல வருஷமா நடக்கிற முறை. மாசம் முழுக்க அரிசி, காய்கறி, கேஸ், சமையல்காரங்க சம்பளம் என்று ஆன மொத்தச் செலவை, எல்லாரும் சாப்பிட்ட மொத்த நாட்களால் வகுக்கணும். வர்றதுதான் ஒரு நாள் ரேட். நீங்க எத்தனை நாள் சாப்பிட்டீங்களோ அத்தனை நாளுக்குக் கட்டணும். லாபம் என்று ஒரு வரியே அதில் கிடையாது.

உதாரணத்துக்கு 300 பேர், ஆளுக்குச் சராசரியா 25 நாள், ஆக 7,500 சாப்பாட்டு நாள். செலவு 9 லட்சம். ஒரு நாள் 120 ரூபாய். இதுவரைக்கும் அஞ்சாங்கிளாஸ் கணக்கு. பொங்கல் மாசத்தில்தான் கதையே மாறும். அந்த 9 லட்சத்தில் சம்பளம் மாதிரி எப்படியும் ஆகிற செலவு 2,70,000 என்று வைங்க. மீதி சாப்பிடுறதைப் பொறுத்தது, நாளுக்கு 84 ரூபாய். பாதிப் பேர் ஊருக்குப் போய் சாப்பாட்டு நாள் 4,500 ஆகிடுச்சுன்னா, அதே 2,70,000-ஐக் கம்மி நாளில் பங்கு போடணும். முன்னாடி நாளுக்கு 36 ரூபாயா இருந்தது 60 ஆகும். ரேட் 120-லிருந்து 144-க்குப் போகும். யாரும் திருடலை. வகுக்கிற எண் குறைஞ்சுது, அவ்வளவுதான். ஆனா ஜனவரி பில் ஒட்டின அன்னிக்கு குரூப்பில் "ரெப் புது பைக் வாங்கிட்டானா?" என்று ஸ்டிக்கர் பறக்கும்.

இதை எனக்குப் புரிய வெச்சது அக்கவுண்ட்ஸ் பார்க்கிற மூணாம் வருஷ ஈசிஇ பொண்ணு. பிரேக் ஈவன் அனாலிசிஸை மேனேஜ்மென்ட் பேப்பரில் நான் மனப்பாடம் பண்ணி எழுதியிருக்கேன். அவங்க அதை ஒவ்வொரு மாசமும் எக்ஸெல்லில் நிஜப் பணத்துக்குப் போடுறாங்க. யார் எத்தனை நாள் லீவ், யாருக்கு ரிடக்‌ஷன் உண்டு, யார் லீவ் லெட்டர் கொடுக்காமலே ஊருக்குப் போய்ட்டு வந்து சண்டை போடுறாங்க, எல்லாம் அதில் இருக்கு. அவங்களுக்கு பர்ச்சேஸ் ரெப் ஆகணும் என்றுதான் ஆசையாம். முடியலை. மார்க்கெட் வண்டி விடிகாலை நாலரைக்குக் கிளம்பும், லேடீஸ் ஹாஸ்டல் கேட் ஆறு மணிக்குத்தான் திறக்கும். இதைப் பற்றித் தனியா ஒரு கட்டுரையே எழுதலாம்.

அந்த நாலரை மணி வண்டியில் நான் ரெண்டு தடவை போயிருக்கேன். குட்டியானையில் முன்னாடி டிரைவரும் பர்ச்சேஸ் ரெப்பும், பின்னாடி காலிச் சாக்குகளோட நான். திருநெல்வேலி டவுன் நயினார்குளம் மார்க்கெட்டில் அந்த நேரத்துக்கு எல்லாரும் முழு வேகத்தில் இருப்பாங்க. நம்ம ரெப் மெக்கானிக்கல் ஃபைனல் இயர், வைவாவில் வாயே திறக்காத ஆள். இங்கே வேற மாதிரி.

"அண்ணாச்சி, முந்தாநாள் இருபத்தெட்டுன்னிய, இன்னிக்கு நாப்பதுங்கிய?"

"மழை பெய்யுதுல்லா தம்பி. வேணும்னா எடு, இல்லைன்னா பாவூர்சத்திரம் போய்ப் பாரு."

அவர் தக்காளியை எடுக்கலை. பூசணிக்காயும் புடலங்காயும் கூட ரெண்டு மூட்டை ஏத்திக்கிட்டு, அங்கிருந்தே மாஸ்டருக்கு போன் போட்டு வியாழக்கிழமை தக்காளி சாதத்தைப் புளிச்சாதமா மாத்தினார். மொத்தம் நாப்பது செகண்ட் பேச்சு. வியாழக்கிழமை "மறுபடியும் புளியா" என்று நாம போட்ட மீம் ஞாபகம் இருக்கா? அந்த மீமுக்குப் பின்னாடி இருந்த முடிவு இது. 2023 ஜூலையில் தக்காளி நூறு ரூபாயைத் தாண்டி, ரேஷன் கடையில் அரசாங்கமே கிலோ 60-க்கு விற்ற நாட்களில் அப்போதைய சீனியர் ரெப்புகள் என்ன பாடு பட்டிருப்பாங்க என்று இப்போதான் யோசிக்கிறேன்.

மாஸ்டர் கணக்கு பேசுறது எல்லாம் படியில். நான் எல்கேஜியிலிருந்து இங்கிலீஷ் மீடியம். ஓவர்ஹெட் காஸ்ட் தெரியும், படி தெரியாது. ஸ்டோர் ரெப்புக்கு ரெண்டும் தெரியும். மதியத்துக்கு ஆளுக்கு 150 கிராம் அரிசி, முந்நூறு பேருக்கு 45 கிலோ, வெள்ளிக்கிழமை என்றால் பாதி ஹாஸ்டல் ஊருக்குக் கிளம்பும், ராத்திரிக்குக் குறைச்சுப் போடு என்று வாய்க்கணக்காவே சொல்லுவார். நாளைக்குக் காலையில் யாரெல்லாம் சாப்பிடுவீங்க என்று ஒருமுறை வாட்ஸ்அப்பில் போல் போட்டாங்களாம். 180 பேர் ஆமா என்றார்கள். பூரி என்று தெரிஞ்சதும் 260 பேர் வந்து நின்னாங்க. அன்னியிலிருந்து போலை நம்புறதை விட்டுட்டாங்க.

எங்க ஊர் ஆழ்வார்திருநகரி. அங்கே கல்யாண வீட்டில் உக்கிராண அறைச் சாவி யார் கையில் இருக்கு என்பது சின்ன விஷயம் இல்லை. என் பெரியப்பா கையில்தான் எப்பவும் கொடுப்பாங்க. ஆக்குப்புரையிலிருந்து யார் வந்து கேட்டாலும் எண்ணெய், தேங்காய், வெல்லம் எல்லாம் அவர் அளந்து கொடுத்தால்தான் உண்டு. கடைசிப் பந்தி முடிஞ்சு, பாத்திரம் எல்லாம் எண்ணி எடுத்த பிறகுதான் அவர் இலை போட்டு உட்காருவார். அப்போ அப்பளம் தீர்ந்திருக்கும். அவரை யாரும் சந்தேகப்பட்டு நான் பார்த்ததில்லை, ஏன்னா எல்லார் கண் முன்னாடியும்தான் அந்தக் கதவு திறந்து கிடக்கும். வைகாசியில் ஒன்பது கருட சேவைக்கு நவதிருப்பதிப் பெருமாள்களும் எங்க ஊருக்கு வர்ற அன்னிக்குக் கூடுகிற கூட்டத்துக்குத் தெருவுக்குத் தெரு மோர் ஊத்துறதும் இந்த மாதிரி ஆட்கள்தான்.

அதே பக்கத்தில் 2023 டிசம்பர் 17, 18-ல் என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரியும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. திருச்செந்தூரில் கிளம்பின செந்தூர் எக்ஸ்பிரஸ் எங்க ஊரைத் தாண்டி ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 800 பயணிகளோட நின்னுபோச்சு. தண்டவாளத்துக்கு அடியில் மண்ணே இல்லை. வெளியிலிருந்து உதவி வந்து சேர்றதுக்கு முன்னாடி, தங்களுக்கே வெள்ளமா இருந்தும் பக்கத்துப் புதுக்குடி ஊர்க்காரங்க சோறாக்கிப் போட்டாங்க. நான் அப்போ செகண்ட் இயர், ஊருக்குப் போக முடியாம ஹாஸ்டலில் மாட்டிக்கிட்ட தொண்ணூறு பேரில் ஒருத்தன். வீட்டுக்கு மூணு நாள் போன் கிடைக்கலை. பால் வரலை, காய் வரலை, மாஸ்டரோட ஆட்களில் பாதிப் பேர் அவங்க வீட்டில் தண்ணி. ரெப் சீனியர்கள் ஸ்டோரைத் திறந்து இருப்பை எழுதி, கேஸ் எத்தனை நாள் தாங்கும் என்று கணக்குப் போட்டு, ரெண்டு வேளைக் கஞ்சியும் துவையலும் என்று முடிவு பண்ணினாங்க. கஞ்சியைப் பற்றி அன்னிக்கு ஒருத்தரும் மீம் போடலை. கான்ட்ராக்ட் கம்பெனி இருந்திருந்தா பட்டினி போட்டிருக்கும் என்று நான் சொல்ல வரலை, நல்ல கம்பெனிகளும் இருக்கு. ஆனால் அந்த ஸ்டோர் சாவி நம்ம ஆள் கையில் இருந்தது. யாருக்கும் போன் போட்டு அனுமதி கேட்க வேண்டியிருக்கலை, கேட்கணும் என்றாலும் போன் வேலை செய்யலை.

இப்போ எதிர்க்கட்சி வாதம். "ரெப்னாலே கமிஷன்." சில இடங்களில் நடந்திருக்கலாம், நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா யோசிங்க. ரெப் பத்து ரூபாய் அடிச்சா அதுக்குப் பேர் திருட்டு. பில் கேட்கலாம், மாத்தலாம், அடுத்த மாசமே இறக்கலாம். கம்பெனி பருப்பில் பத்து ரூபாய் மிச்சம் பிடிச்சா அதுக்குப் பேர் லாபம். பில்லைக் காட்டணும் என்ற கட்டாயம்கூட அவங்களுக்குக் கிடையாது.

அப்புறம் யாரும் பேசாத ஒரு விஷயம். காலேஜே தன் மாணவர்களுக்கு மெஸ் நடத்தினா ஜிஎஸ்டி இல்லை. வெளி ஆள் நடத்தினா 5 சதவீதம் உண்டு. 2018 ஜனவரியில் வந்த மத்திய அரசு சுற்றறிக்கையிலேயே இது இருக்கு. நம்ம உதாரணத்திலேயே பாருங்க. அதே 120 ரூபாய்க்குக் கம்பெனி ஒத்துக்கிட்டாலும் மாசம் 3,600, வரியோட 3,780, நீங்க சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும். இப்போ 22 நாள் சாப்பிடுற ஒருத்தர் கட்டுறது 2,640. வாரா வாரம் ஊருக்கு ஓடுகிற தென்காசி, தூத்துக்குடிப் பசங்கதான் முதலில் கான்ட்ராக்ட்டுக்கு டிக் அடிச்சாங்க என்பது தனி காமெடி.

சமையல்கட்டில் பதினொரு பேர் இருக்காங்க. காய் நறுக்குற ஆச்சிக்கு என்ன ஆகும் என்று ஃபார்மில் ஒரு கேள்விகூட இல்லை. இந்த இடத்தில் எனக்கு இந்தியன் காபி ஹவுஸ் ஞாபகம் வருது. திருவனந்தபுரம் போனவங்க தம்பானூரில் அந்தச் சுருள் சுருளா ஏறுற செங்கல் கட்டடத்தைப் பார்த்திருப்பீங்க, லாரி பேக்கர் கட்டினது. மசால் தோசைக்குள்ளே பீட்ரூட் இருக்கும். 1950-களில் காபி போர்டு தன் காபி ஹவுஸ்களை மூடினப்போ, வேலை போன தொழிலாளிகள் ஏ.கே. கோபாலன் துணையோட கூட்டுறவுச் சங்கம் ஆரம்பிச்சு, 1957-லிருந்து அவங்களே நடத்துறாங்க. பரிமாறுறவங்களும் கணக்குப் பார்க்கிறவங்களும் ஒரே சங்கத்து ஆட்கள். அமெரிக்காவில் யுசி டேவிஸ் யுனிவர்சிட்டியில் மாணவர் சங்கம் ஒரு காபி ஹவுஸை 1968-லிருந்து நடத்துது. அங்கேயும் வேலை பார்க்கிறவங்க பெரும்பாலும் மாணவர்கள்தான். ஆனா அவங்களுக்குச் சம்பளம் உண்டு.

நம்ம ரெப்புக்கு என்ன உண்டு? அட்டென்டன்ஸ் ஷார்ட்டேஜ் உண்டு. நான் பேசின ஆறு பேரில் நாலு பேர் ரெஸ்யூமேயில் இதைப் போடவே இல்லை. "மெஸ் பார்த்தேன்னு எப்படி ப்ரோ போடுறது" என்றார் பர்ச்சேஸ் ரெப். மாசம் 9 லட்சம் ரூபாய் செலவைக் கையாளுகிற இருபத்தொரு வயசு ஆள், ஒரு வாரம் ஓடின ஆன்லைன் சர்டிஃபிகேட்டைப் போட்டுட்டு இதை விட்டுட்டார்.

அதுக்காக இப்போ இருக்கிற மாதிரியே இருக்கட்டும் என்று நான் சொல்லலை. பில் இப்போ வார்டன் ஆஃபீஸ் ஃபைலில் தூங்குது. வாரா வாரம் மெஸ் வாசலில் ஒட்டணும், கிலோவும் விலையும் சேர்த்து. நாலு வருஷமா ரெப் எல்லாம் ஒரே பிளாக்கின் ரெண்டு ரூமிலிருந்தே வர்றாங்க, அது நல்லதுக்கு இல்லை. செகண்ட் இயரிலிருந்தே ஆள் எடுத்து, மூணு மாசத்துக்கு ஒருமுறை மாத்தணும். லேடீஸ் ஹாஸ்டல் கேட்டை மார்க்கெட் நாளில் ரெப்புகளுக்காவது நாலரைக்குத் திறக்கணும். நான் முதல்வன் கோர்ஸுக்கு கிரெடிட் கொடுக்க முடிகிறப்போ இதுக்கும் ஏதாவது கொடுக்க முடியும், யாராவது கேட்கணும். சுத்தம் விஷயத்தில் கேட்டரிங் கம்பெனிக்காரங்க நம்மைவிடப் பரவாயில்லை என்பதையும் ஒத்துக்கிறேன். மாஸ்டர் உட்பட எல்லாருக்கும் உணவுப் பாதுகாப்புப் பயிற்சி வேணும், பாத்திரம் கழுவுற இடத்தைப் பார்த்தவங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. சாம்பார் விஷயத்துக்கு மெனு ரெப்பிடம் கேட்டேன். பருப்பை ஒரு கிலோ கூட்டினா நாள் ரேட்டில் ஒரு ரூபாய்கூட ஏறாதாம். இதுவரைக்கும் யாரும் வந்து கேட்கலையாம். குரூப்பில் மட்டும்தான் திட்டுறாங்களாம்.

ஃபார்ம் வெள்ளிக்கிழமை ராத்திரியோட மூடுது. வியாழக்கிழமை விடிகாலை நாலரைக்கு நயினார்குளம் வண்டி கிளம்பும், மெஸ் பின்வாசலிலிருந்து. பின்னாடி ரெண்டு பேருக்கு இடம் இருக்கு. சாக்கு மேலே உட்காரணும், பழைய பேன்ட் போட்டுக்கிட்டு வாங்க.