சின்ன யானையைத் தானம் கொடுக்கும் முன்...

கேள்வி: ‘‘முருங்கை, தக்காளி ஏற்றி ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போக, 2012-ல் டாடா ஏஸ் வாங்கினோம். இப்போது மகன் புது வண்டி எடுத்துவிட்டான். பழைய வண்டியும் நன்றாகவே ஓடுகிறது. பக்கத்து ஊரில் ஓர் அறக்கட்டளை நடத்தும் முதியோர் இல்லத்துக்கு அதை இலவசமாகக் கொடுக்க நினைக்கிறோம். ‘சாவியைக் கொடுங்கள், பெயர் மாற்றத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்கிறார்கள். அப்படிக் கொடுக்கலாமா? வருமான வரிச் சலுகை கிடைக்குமா?’’

- வாசகர், ஒட்டன்சத்திரம் வட்டம்.

பதில்: தாராளமாகக் கொடுங்கள். ஆனால், சாவியை மட்டும் கொடுக்காதீர்கள். ஆர்.சி. புத்தகத்தில் உங்கள் பெயர் இருக்கும்வரை, சட்டத்தின் பார்வையில் அது உங்கள் வண்டிதான். கார் ஒன்று பல கைகள் மாறிய பிறகு நடந்த விபத்து குறித்த வழக்கில், ஆர்.சி-யில் பெயர் உள்ளவரே உரிமையாளர், இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ‘எப்போதோ கொடுத்துவிட்டேன்’ என்ற பதில் அங்கே எடுபடவில்லை.

இன்ஷூரன்ஸ் இல்லாமல் அந்த வண்டி யார் மீதாவது மோதினால், தீர்ப்பாயம் சொல்லும் தொகை உங்கள் தலையில் விழும். கட்டத் தவறினால், நிலவரி பாக்கியை வசூலிப்பது போல கலெக்டர் மூலம் வசூலிக்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. நல்லது செய்யப்போய், தோட்டத்துக்கே வில்லங்கம் வந்துவிடக் கூடாது.

பெயர் மாற்றம் பெரிய வேலை இல்லை. படிவம் 29, படிவம் 30 இரண்டையும் நிரப்பி, உரிய இடங்களில் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். ஒரே மாநிலத்துக்குள் என்றால், கொடுப்பவர் 14 நாள்களுக்குள்ளும், வாங்குபவர் 30 நாள்களுக்குள்ளும் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம் வைத்திருக்கும் கெடு. அறக்கட்டளை தரப்பில் பதிவுப் பத்திரத்தின் நகல், பான் கார்டு, முகவரிச் சான்று, இன்னார் கையெழுத்திடலாம் என்ற தீர்மானம் ஆகியவற்றைத் தயாராக வைத்திருக்கச் சொல்லுங்கள். பெயருக்கு அறக்கட்டளை, பதிவு எதுவும் இல்லை என்றால் இங்கேயே தெரிந்துவிடும்.

வண்டியைக் கடனில் வாங்கியிருந்தால் இன்னொன்றையும் பாருங்கள். தவணை முடிந்து பல வருடங்கள் ஆகியிருக்கும், ஆனால், ஆர்.சி-யில் நிதி நிறுவனத்தின் பெயர் அப்படியே இருக்கும். அவர்களிடம் தடையின்மைச் சான்று வாங்கி, படிவம் 35 கொடுத்து அதை நீக்கினால்தான் பெயர் மாறும். வரி பாக்கி, கட்டாத அபராதம் இருந்தாலும் முடித்துவிடுங்கள்.

அடுத்து, அவர்களால் இந்த வண்டியை வைத்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். 8 வருடம் தாண்டிய சரக்கு வண்டிக்கு வருடா வருடம் எஃப்.சி. எடுக்க வேண்டும். வண்டிக்கு வயது கூடக் கூடக் கட்டணமும் கூடும். இன்ஷூரன்ஸ், டயர், பேட்டரி, டீசல், டிரைவர் சம்பளம் எல்லாம் அவர்கள் கைக்காசு. அரிசி மூட்டை, காய்கறி, கேஸ் சிலிண்டர் ஏற்றத் தினமும் வண்டி தேவைப்படும் இல்லம் என்றால் பயன்படும். மாதம் இரண்டு முறைதான் தேவை என்றால், வாடகை வண்டியே அவர்களுக்கு லாபம். டாடா ஏஸ் மொத்த எடை 3,000 கிலோவுக்கு உட்பட்டது என்பதால் பெர்மிட் தேவையில்லை. கார் ஓட்டும் எல்.எம்.வி. லைசென்ஸே போதும் என்று 2024-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்துவிட்டது.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிக் கொடுங்கள். பெரியவர்களை ஆஸ்பத்திரிக்கோ, கோயிலுக்கோ பின்னால் ஏற்றிச் செல்லக் கூடாது. சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது குற்றம். பின்னால் உட்கார்ந்து போனவர்களுக்கு அடிபட்டால் இன்ஷூரன்ஸ் நிறுவனம் கைவிரித்துவிடும்.

வரிச் சலுகைக்கு வருவோம். 80ஜி சலுகை பணமாகக் கொடுக்கும் நன்கொடைக்கு மட்டும்தான். வண்டி, அரிசி, துணி என்று பொருளாகக் கொடுத்தால் கிடைக்காது. பணத்திலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் செல்லாது; செக் அல்லது வங்கி வழியாகத்தான் அனுப்ப வேண்டும். புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு இந்தச் சலுகையே இல்லை. விவசாய வருமானத்துக்கு வரி இல்லாததால், வேறு வருமானம் இல்லாதவர்கள் இதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். உங்கள் மகனுக்குச் சம்பளமோ, வியாபாரமோ இருந்து, பழைய முறையில் வரி கட்டினால், வண்டியை விற்று, 80ஜி அனுமதி பெற்ற அறக்கட்டளைக்குப் பணத்தை அவர் கணக்கிலிருந்து அனுப்புங்கள். ரசீதும், படிவம் 10பிஇ சான்றும் கேட்டு வாங்குங்கள்.

இன்ஜின் போய், எஃப்.சி. தேறாத வண்டியை யாருக்கும் தானமாகக் கொடுக்காதீர்கள். அதை அரசு அங்கீகாரம் பெற்ற வாகன அழிப்பு மையத்தில் ஒப்படைத்து, சான்று வாங்கி, ஆர்.சி-யை ரத்து செய்துவிட்டு, கிடைக்கும் பணத்தைக் கொடுங்கள். ஆர்.சி-யை ரத்து செய்யாமல் காயலான் கடைக்குத் தள்ளினால், உங்கள் நம்பர் பிளேட் வேறு எந்த வண்டியில் ஓடும் என்று சொல்ல முடியாது.

உங்கள் வண்டி ஓடும் நிலையில் இருப்பதால், அறக்கட்டளையிடம் இப்படிச் சொல்லுங்கள்: ‘பெயர் மாற்றச் செலவையும், முதல் வருட இன்ஷூரன்ஸையும் நாங்களே கட்டுகிறோம். வாருங்கள், ஆர்.டி.ஓ. அலுவலகம் போகலாம்.’ அதற்கும் தயங்கினால், வண்டியை விற்று, இல்லத்துக்குத் தேவையான அரிசி, மருந்தாக வாங்கிக் கொடுப்பதே நல்லது. சம்மதித்தால், படிவங்களின் நகலில் ஒரு செட்டும், வண்டியைப் பெற்றுக்கொண்ட தேதி, நேரத்துடன் அவர்கள் எழுதித் தரும் கடிதமும் உங்கள் பீரோவில் இருக்கட்டும். புதிய ஆர்.சி-யில் அறக்கட்டளையின் பெயரைக் கண்ணால் பார்க்கும்வரை வண்டி உங்கள் களத்திலேயே நிற்கட்டும்.