லோகோ ரெடி.. காமிக்ஸ் எங்கே?

என் லேப்டாப்பில் 'கடைசி டிரிப்' என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது. திறந்தால் உள்ளே இன்னும் பதினான்கு ஃபோல்டர்கள். 'கண்டக்டர் புதுசு', 'கண்டக்டர் ஃபைனல்', 'கண்டக்டர் ஃபைனல் நிஜமாவே' என்று பெயர்கள் நீளும். பஸ் மட்டும் பதினோரு தடவை வரைந்திருக்கிறேன். தலைப்புக்கு ஆறு விதமான எழுத்துகள். லோகோ ஒன்று, அதுவும் இரண்டு கலரில். அந்த ஃபோல்டரில் ரொம்ப நாளாக இல்லாதது ஒன்றே ஒன்றுதான்.. காமிக்ஸ்!

இரண்டு வருடமாக "நான் ஒரு வெப்காமிக் ஆரம்பிக்கப் போறேன்" என்று கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். யாராவது "எப்போ வருது?" என்று கேட்டால் "குவாலிட்டி முக்கியம் இல்லையா, கொஞ்சம் டைம் எடுக்கும்" என்பேன். சொல்லும்போது முகத்தில் ஒரு மணிரத்னம் களை வேறு வந்துவிடும்.

கதை என்னுடையது அல்ல. ஹாஸ்டல் ரூம்மேட்டுடையது. அவன் அப்பா அரசு டவுன் பஸ்ஸில் கண்டக்டர். இராத்திரி கடைசி டிரிப்பில் தினமும் ஒரு பேய் ஏறுகிறது. கண்டக்டருக்குப் பேயைப் பார்த்து பயமில்லை. அவருடைய கவலையெல்லாம் பேய் சில்லறை வைத்திருக்கிறதா என்பதுதான். இவ்வளவுதான் கதை. இரண்டாம் வருடம் ஒரு மழை நாளில் கரண்ட் போன நேரத்தில் இதை அவன் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தோம். நான் கொஞ்சம் வரைவேன், அவன் எழுதுவான், வாரம் ஒன்று போடலாம் என்று முடிவானது. அவன் பத்து நாளில் பன்னிரண்டு அத்தியாயம் எழுதிக் கொடுத்துவிட்டான். ஒரே ஒரு நிபந்தனை.. "அப்பா ரிட்டயர்ட் ஆகறதுக்குள்ள ஒண்ணாவது வரணும்டா. டிப்போல எல்லார்கிட்டயும் காட்டுவார்."

அவர் ஓய்வு பெற இன்னும் பதினாறு மாதம் இருந்தது. மூன்று அத்தியாயம் முடிக்கப் பதினாறு வாரமே தாராளம். நான் என்ன செய்தேன் தெரியுமா? முதல் மாதம் முழுக்க எந்த பேனா டேப்லட் வாங்கலாம் என்று வீடியோ பார்த்தேன். டேப்லட் வந்தபிறகு எந்த பிரஷ் நல்லது என்று பார்த்தேன். பிறகு பர்ஸ்பெக்டிவ் சரியில்லை என்று தோன்றி, ஒரு புள்ளி, இரண்டு புள்ளி, மூன்று புள்ளி என்று பயின்றேன். கைவிரல் வரைய மட்டும் இரண்டு மாதம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் கூடத்தை நிமிர்த்திக்கொண்டே இருந்தேன், ஆட்டம் ஆரம்பிக்கவே இல்லை.

பிளேஸ்மென்ட் டிரெயினிங்கில் ஒரு பதில் சொல்லித் தருவார்கள், நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். "உன்னுடைய பலவீனம் என்ன?" என்று கேட்டால் "நான் ஒரு பெர்ஃபெக்‌ஷனிஸ்ட் சார்" என்று சொல்லணுமாம். பலவீனத்தைச் சொன்ன மாதிரியும் இருக்கும், பெருமை பீற்றிக்கொண்ட மாதிரியும் இருக்கும். அந்த வகுப்பில் உட்கார்ந்து நானும் தலையாட்டியிருக்கிறேன். இப்போது சொல்கிறேன், அது பெருமையே கிடையாது. எனக்கு இருந்தது தரத்தின் மேல் காதல் இல்லை, பயம். படம் வெளியே போகாத வரைக்கும் நான் 'நன்றாக வரையக்கூடியவன்'. போய்விட்டால் 'இவ்வளவுதான் வரையத் தெரிந்தவன்'. முதல் பட்டத்தைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் இத்தனை ஃபோல்டரும்.

இது எனக்கு மட்டும் உள்ள கோளாறு இல்லை போலிருக்கிறது. தாமஸ் கரன், ஆண்ட்ரூ ஹில் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்கா, கனடா, பிரிட்டன் கல்லூரி மாணவர்கள் 41,641 பேரின் பதில்களை வைத்து, 1989 முதல் 2016 வரை இந்தக் குணம் எப்படி மாறியிருக்கிறது என்று பார்த்தார்கள். கட்டுரை 2019-இல் சைக்கலாஜிகல் புல்லட்டின் இதழில் வந்தது. எல்லா வகையும் கூடியிருக்கிறது, ஆனால் அதிகமாகக் கூடியது 'மற்றவர்கள் என்னிடம் குறையில்லாததை எதிர்பார்க்கிறார்கள்' என்கிற நினைப்புதான். நம்மூர் மாணவர்கள் அந்தக் கணக்கில் இல்லை. தொண்ணூற்றெட்டு மார்க் வாங்கிவிட்டு வந்தால் "மீதி ரெண்டு எங்க போச்சு?" என்று வரவேற்கிற ஊரில் தனியாக ஆய்வு வேறு வேண்டுமா என்ன :-)

வெப்காமிக்கில் இந்த வியாதி இரண்டு மடங்காக வேலை செய்யும் என்பது என் கருத்து. பத்திரிகைக்கு வரைகிறவருக்கு ஒரு கெடு இருக்கும். அச்சுக்குப் போகிற நாள் வந்தால், மூக்கு கோணலாக இருந்தாலும் பக்கத்தைக் கொடுத்தே ஆகவேண்டும். நமக்கு அச்சகமும் இல்லை, ஆசிரியரும் இல்லை. யாரும் கதவைத் தட்டப் போவதில்லை. போதாக்குறைக்குக் கம்ப்யூட்டர் வேறு. காகிதத்தில் நாலு தடவை அழித்தால் காகிதம் கிழிந்துவிடும், அதுவே ஒரு தீர்ப்பு. இங்கே 'அன்டூ' எத்தனை தடவை அடித்தாலும் ஒன்றும் கிழியாது. ஜூம் என்று ஒரு சாத்தான் இருக்கிறது. படத்தை நானூறு சதவீதம் பெரிதாக்கி, பஸ் ஜன்னல் கம்பியின் ஓரத்தை ஒரு மணி நேரம் செதுக்கியிருக்கிறேன். படிக்கிறவர் அதைக் கையகல மொபைலில், பஸ்ஸில் தொங்கிக்கொண்டு, மூன்று விநாடி பார்க்கப் போகிறார்.

இன்னொன்று, நாம் எதோடு ஒப்பிட்டுக்கொள்கிறோம் என்பது. மாமா வீட்டுப் பரணில் இருந்த முத்து காமிக்ஸ்தான் எனக்குப் பாலபாடம். 1972-இல் அவர்களுடைய முதல் இதழாக வந்தது இரும்புக்கை மாயாவி. அது பிரிட்டனில் வந்த கதை, அதன் புகழ்பெற்ற படங்களை வரைந்தவர் ஹெசுஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பானிஷ் ஓவியர். எத்தனையோ வருடம் கோடு போட்டுப் பழகியவருடைய கையையும், நேற்று டேப்லட் வாங்கியவனுடைய கையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நேற்று வாங்கியவன் அழத்தான் வேண்டும்.

ஒப்பிடத்தான் வேண்டுமென்றால் வெப்காமிக் ஆட்களின் ஆரம்பத்தோடு ஒப்பிடலாம். எக்ஸ்.கே.சி.டி. தெரியாத இன்ஜினியரிங் மாணவன் அரிது. ராண்டல் மன்ரோ 2005-இல் அதை ஆரம்பித்தபோது போட்டவை, தன் பழைய நோட்டுப் புத்தகங்களில் கிறுக்கிவைத்ததை ஸ்கேன் பண்ணியவை. கட்டங்கள் கூட நோட்டுக் கோடுகள்தான். ரயன் நார்த் இன்னும் ஒரு படி மேலே. அவருடைய 'டைனோசர் காமிக்ஸ்' 2003-இல் தொடங்கியது. அதே ஆறு கட்டம், அதே டைனோசர் படங்கள், வசனம் மட்டும்தான் மாறும். மனிதருக்குப் படம் வரையும் பிரச்சினையே இல்லை, வரைவதில்லையே!

எனக்கு ரொம்பப் பிடித்த உதாரணம் 'ஒன்' என்ற புனைபெயரில் எழுதும் ஜப்பான்காரர். 2009-இல் 'ஒன் பஞ்ச் மேன்' தொடரை இணையத்தில் தானே வரைந்து போட ஆரம்பித்தார். அந்தப் படங்களைத் தேடிப் பாருங்கள், "இதை நானே வரைவேனே" என்று தோன்றும். கதையும் நகைச்சுவையும் அப்படி ஓடின. யூசுகே முராட்டா என்ற கைதேர்ந்த ஓவியர் அதைப் படித்து மயங்கி, 2012 முதல் தன் கையால் திரும்ப வரைந்தார். 2015-இல் அனிமே ஆனது. ஒன் மட்டும் 'முதலில் முராட்டா மாதிரி வரையக் கற்றுக்கொள்கிறேன்' என்று உட்கார்ந்திருந்தால் முராட்டாவுக்கே வேலை இருந்திருக்காது.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் வரும். அப்படியென்றால் எதையாவது கிறுக்கிப் போட்டுவிடலாமா? 'முடிந்ததே போதும், நேர்த்தி எதற்கு' என்று பேசுகிறவர்களை எனக்கும் பிடிக்காது. சில விஷயங்களில் விட்டுக்கொடுக்கவே கூடாது. தமிழில் காமிக்ஸ் போடுகிறவனுக்கு வசனம்தான் முதல் தலைவலி. நம் வார்த்தைகள் நீளம். ஆங்கிலக் காமிக்ஸைப் பார்த்து பலூன் அளவை முடிவு செய்தால் 'சொல்லிக்கொண்டிருந்தேன்' என்ற ஒரே வார்த்தை பலூனை உடைத்துவிடும். மென்பொருளில் தெற்காசிய மொழிகளுக்கான எழுத்து அமைப்பை மாற்றாமல் விட்டால் 'கொ' உடைந்து கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் போய் நிற்கும். இதையெல்லாம் சரி செய்யாமல் போடுவது சோம்பேறித்தனம், படிக்கிறவருக்கு அவமரியாதையும் கூட. பிழையில்லாத வசனத்துக்கு ஒரு மணி நேரம் செலவழிப்பது கவனம். ஜன்னல் கம்பிக்கு ஒரு மணி நேரம் செலவழித்தால் அது ஒளிந்துகொள்வது. இரண்டும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரி தெரியும் என்பதுதான் சிக்கல்.

நேர்த்தி வேண்டுமென்றால் ஹெர்ஜேவைப் பார்க்கலாம். டின்டின் வரைந்தவர். 'கருப்புத் தீவு' கதை 1937-38-இல் கறுப்பு வெள்ளையில் தொடராக வந்தது. 1943-இல் வண்ணத்தில் திரும்ப வரைந்தார். கதை நடக்கிற இடம் பிரிட்டன். பல வருடம் கழித்து அங்கே வெளியிட இருந்தவர்கள் படத்தில் 131 தவறுகள் இருப்பதாகப் பட்டியல் போட்டுக் கொடுத்தார்கள். நூற்று முப்பத்தொன்று! உதவியாளர் பாப் டி மூரை பிரிட்டனுக்கே அனுப்பிப் பார்த்து வரச் சொல்லி, முழுப் புத்தகத்தையும் மறுபடி வரைந்து 1966-இல் வெளியிட்டார்கள். நேர்த்தி என்றால் இவரை விஞ்ச ஆளில்லை. ஆனால் அந்த 131 தவறும் முதலில் வெளியே வந்து, ஜனங்கள் படித்து, அதன் பிறகுதான் பட்டியலே வந்தது.

இந்தப் பட்டியல் விஷயம் எனக்கு எப்படி உறைத்தது என்று சொல்லிவிடுகிறேன்.

ரூம்மேட்டின் அப்பா போன மே மாதம் ஓய்வு பெற்றுவிட்டார். மாலை போட்டு, டிப்போ வாசலில் போட்டோ எடுத்து, எல்லாம் முடிந்தது. காமிக்ஸ் வரவில்லை. அவன் என்னைத் திட்டவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "பரவால்ல மச்சி, உனக்கு எப்போ வசதியோ அப்போ பண்ணு" என்றான். அதன் பிறகு அவன் அந்தக் கதையைப் பற்றி வாயே திறக்கவில்லை. பதிமூன்றாவது அத்தியாயம் எழுதவும் இல்லை. என்னுடைய பயம் என்னோடு நிற்கும் என்று நினைத்திருந்தேன்.

லீவில் அவன் ஊருக்குப் போயிருந்தேன். வெட்கத்தை விட்டுவிட்டு, எல்லாவற்றுக்கும் முன்னால் பென்சிலில் கிறுக்கியிருந்த முதல் அத்தியாயத்தின் நான்கு பக்கத்தை அவர் கையில் கொடுத்தேன். ஃபைனல் இல்லை, நிஜமாவே ஃபைனலும் இல்லை. வெறும் கிறுக்கல். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். பேய் நூறு ரூபாய்த் தாளை நீட்டுகிற இடத்தில் உடம்பு குலுங்கச் சிரித்தார். பிறகு சொன்னார்..

"தம்பி, கண்டக்டர் கை காலியா இருக்கே. நோட்டை நீளவாக்குல மடிச்சு விரலிடுக்குல சொருகியிருப்போம்ல? அது இல்லாம எப்படி கண்டக்டர்?"

இரண்டு மாதம் விரல் பயின்றவன் நான். ஒவ்வொரு கணுவும், நகமும், நிழலும். அந்த விரலுக்கு நடுவில் என்ன இருக்கும் என்று ஒரு தடவையும் யோசிக்கவில்லை. அதைச் சொல்லக்கூடியவர் பதினாறு மாதமாக ஒரு போன் தூரத்தில் இருந்தார், நான் அவருக்குக் காட்டவில்லை. பர்ஸ்பெக்டிவைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பஸ் கோணலாக இருந்தது அவர் கண்ணில் படவே இல்லை. ஒருவேளை அவர் ஓட்டத்தில் இருந்த பஸ்களே அப்படித்தான் இருந்தனவோ என்னவோ :-)

போன செவ்வாய்க்கிழமை முதல் அத்தியாயம் வெளியே போய்விட்டது. நான்கு பக்கம், பேனாவில் தடவி ஸ்கேன் பண்ணியது. விரலிடுக்கில் நோட்டுகள் உண்டு. மூன்றாம் பக்கத்தில் பேய்க்கு இடது கை இரண்டு இருப்பது போட்ட பிறகுதான் தெரிந்தது, மாற்றவில்லை. ஜூம் பண்ணக் கூடாது என்று மவுஸின் உருளையை செலோடேப் போட்டு ஒட்டியிருக்கிறேன். ரூம்மேட் படித்துவிட்டு "ரெண்டாவது பக்கத்துல 'சில்லறை'க்கு சின்ன 'ர' போட்டிருக்கடா" என்றான். அதை உடனே மாற்றிவிட்டேன். அன்று இராத்திரி அவன் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு ஏதோ எழுதிக்கொண்டிருந்தான், நான் கேட்கவில்லை.

வரும் செவ்வாய் இரண்டாவது அத்தியாயம். பேய் சைக்கிளில் பஸ்ஸைத் துரத்திக்கொண்டு வருகிறது. சைக்கிள் வரைய எனக்கு சுத்தமாக வராது.