பரிசோதனை நடந்தது, பலன் என்ன?

திருவையாறு பக்கத்துக் கிராமங்களில் பொழுது விடிந்தால் வீட்டில் ஆள் இருக்காது. பெண்கள் நடவுக்குப் போய்விடுவார்கள். ஆண்கள் வரப்பு வெட்டவோ, வாழைத் தோட்டத்துக்கோ போய்விடுவார்கள்.

அந்த நேரத்தில் வீடு தேடி வருகிற சுகாதாரத் தன்னார்வலர் என்ன செய்வார்? பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புவார்.

‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்டில் தொடங்கியது. ரத்த அழுத்தம், சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கு வீட்டிலேயே பரிசோதனை, வீட்டிலேயே மாத்திரை. நல்ல ஏற்பாடுதான். ஆனால் உழைப்பவர்கள் பகலில் கிடைக்கவில்லை. ஆகவே 2024 ஜனவரியில், வேலை செய்யும் இடத்துக்கே பரிசோதனை போனது.

இதன் பலனை எப்படி அளப்பது?

இத்தனை ஆயிரம் பேரைப் பரிசோதித்தோம் என்று கணக்குச் சொல்வது சுலபம். கையில் பட்டை கட்டிப் பார்த்ததும் அழுத்தம் இறங்கிவிடுமா?

அமெரிக்காவில் ஒரு பெரிய கடைக் கம்பெனி. ஊழியர்கள் சுமார் 33,000 பேர். கிளைகள் 160. சீட்டுக் குலுக்கி எடுப்பதுபோல் 20 கிளைகளைப் பொறுக்கி, அங்கே மட்டும் ஆரோக்கியத் திட்டம் நடத்தினார்கள். ஒன்றரை ஆண்டு கழித்து மற்றக் கிளைகளோடு ஒப்பிட்டார்கள். 2019-ல் முடிவு வந்தது. “உடற்பயிற்சி செய்கிறோம்” என்று சொன்னவர்கள் கூடியிருந்தார்கள். ரத்த அழுத்தம் குறையவில்லை. லீவும் குறையவில்லை. மருத்துவச் செலவும் அப்படியே!

ஏன் சீட்டுக் குலுக்க வேண்டும்? தாமாக முன்வந்து சேருகிறவர்கள் பெரும்பாலும் உடம்பில் அக்கறை உள்ளவர்கள். அவர்களை மட்டும் எண்ணினால் எந்தத் திட்டமும் வெற்றிதான்.

தமிழ்நாட்டுக் கணக்கு என்ன? 2020-ல் சர்க்கார் நடத்திய ஆய்வில், ரத்த அழுத்த நோயாளிகள் 100 பேரில் சுமார் 7 பேருக்கே நோய் கட்டுக்குள் இருந்தது. 2023-24 ஆய்வில் அது சுமார் 17. உயர்வு உயர்வுதான். மீதி 83 பேர்?

பெரிய ஆலைத் தொழிலாளிக்குக் கம்பெனி டாக்டர் உண்டு, இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி உண்டு. வயல் கூலிக்கு இரண்டும் இல்லை. அவருக்கு வரப்புதான் தொழிற்சாலை. வேலையோ ஒரே இடத்தில் இல்லை. இந்த வாரம் ஓர் ஊர், அடுத்த வாரம் வேறு ஊர்.

சம்பா நடவின்போது பரிசோதித்த பெண்ணை, தை அறுவடையின்போது வேறு ஊர் வயலில் தேடிப் பிடிக்க வேண்டும். மாத்திரையை விடாமல் சாப்பிடுகிறாரா என்று கேட்க வேண்டும். மறுபடி அழுத்தம் பார்த்து, பழைய அளவுக்குப் பக்கத்திலேயே எழுத வேண்டும்.