குதிகால் படித்த நிறம்

மழை விட்ட மறுநாள் கரிசல் காட்டுக்குள் டிராக்டரை விடுவதற்கு முன்னால் எங்கள் சித்தப்பா கீழே இறங்கிவிடுவார். செருப்பைக் கழற்றிப் போட்டு, முன் டயருக்குப் பக்கத்தில் குதிகாலால் ஓங்கி ஒரு மிதி. மண் தாங்கினால் அதன் நிறத்தை மனசில் வாங்கிக்கொள்வார். அப்புறம் நிமிர்ந்து, கண்மாய்க்கரை வரைக்கும் அந்த நிறம் எங்கெங்கே கிடக்கிறது என்று பார்ப்பார். "சாம்பல் பூத்தாப்ல இருக்கு பாரு, அதுல போகலாம்டா. அந்தா பளபளன்னு கெடக்கே, அதுல விட்டா அச்சு வரைக்கும் முங்கிரும்."

ஸ்டான்லி என்ற ஆளில்லா வண்டியைப் பற்றிப் படித்தபோது எனக்குச் சித்தப்பாவின் குதிகால்தான் ஞாபகம் வந்தது.

2004 மார்ச் 13 அன்று மொஹாவி பாலைவனத்தில், தானாக ஓடும் வண்டிகளுக்கு அமெரிக்க ராணுவ ஆராய்ச்சி முகமையான தார்பா ஒரு பந்தயம் வைத்தது. சுமார் 240 கி.மீ.; பரிசு 10 லட்சம் டாலர். ஒன்றுகூட எல்லையைத் தொடவில்லை. அதிக தூரம் போன சாண்ட்ஸ்டார்மும் 12 கி.மீ.க்குள் ஒரு வளைவில் மாட்டிக்கொண்டது. அது கார்னகி மெலன் பல்கலைக்கழகத்து வண்டி.

அடுத்த ஆண்டு, 2005 அக்டோபர் 8. சுமார் 212 கி.மீ.யை ஐந்து வண்டிகள் ஓடி முடித்தன. ஸ்டான்ஃபோர்டின் ஸ்டான்லி 6 மணி 54 நிமிடத்தில் முதலில் வந்தது. அதன் கூரையில் ஐந்து லேசர் கருவிகள். வேகமாகப் போகும்போது லேசரின் பார்வை கொஞ்ச தூரத்துக்குத்தான் நம்பகமாக எட்டும். அதனால், லேசர் அளந்து சமதளம் என்று சொன்ன மண்ணின் நிறத்தைக் கேமரா பிடித்துக்கொண்டது. அதே நிறம் தூரத்தில் தெரிந்தால் அதுவும் பாதைதான். மண் மாற மாறப் பாடமும் புதுசு. பக்கத்து மண்ணை மிதித்துப் பார்த்துத் தூரத்து மண்ணைப் படிக்கிற அதே வித்தை!

நம் ஆவடியிலும் போர் வாகன ஆராய்ச்சி நிறுவனம் முந்த்ரா என்ற ஆளில்லா வண்டியைச் செய்து 2017இல் காட்டியது. ராஜஸ்தானின் மகாஜன் மணல்வெளியில் சோதித்தார்கள். அதை ஒரு ஐப்பசியில் எங்கள் கரிசல் பக்கத்துக் காரியாபட்டிக்கும் கொண்டுவர வேண்டும் என்பது என் ஆசை. ஈரம் பட்டால் மணல் இறுகும், கரிசல் இளகும். கோடையில் கை நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடந்த இடம் அடைமழையில் ஆளை விழுங்கும். நேற்றுப் படித்த நிறம் இன்றைக்குச் செல்லாது.

சித்தப்பா டிராக்டரை விற்று நாளாகிவிட்டது. அந்த வண்டி வந்தால், அதற்கு முன்னால் இறங்கி முதல் மிதி அவர்தான் மிதிக்க வேண்டும்.